டென்மார்க்கிலிருந்து வந்த பெட்டி: வீட்டில் ‘ஹை புளோ’ சுவாசச் சிகிச்சை யாருக்கு உதவும்?

கடந்த வருடம் வைகாசி மாதம் என் அக்கா வீட்டு விறாந்தையில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. டென்மார்க்கில் இருக்கும் என் பெறாமகன் கார்கோவில் அனுப்பியிருந்தான். பிரித்துப் பார்த்தால் ரைஸ் குக்கர் அளவில் ஒரு வெள்ளை மெசின். அதன் ஒரு பக்கத்தில் தண்ணீர் விடும் சிறிய கிண்ணம், அதிலிருந்து ஒரு தடித்த குழாய், குழாயின் நுனியில் மூக்கில் மாட்டுவதற்கு மென்மையான இரண்டு முனைகள். மேலே ஒட்டியிருந்த துண்டில் ‘அப்பாவுக்கு’ என்று எழுதியிருந்தது.

அப்பா என்றால் என் அத்தான். வயது 72. பன்னிரண்டு வருடமாக முட்டு. கடைசி மூன்று வருடமாக வீட்டில் ஒட்சிசன் கொன்சன்ரேற்றரோடு இருக்கிறார். கட்டிலில் இருந்து கிணற்றடிக்குப் போய் வர இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அதற்கு முந்தைய வருடத்தில் மட்டும் நான்கு முறை வாட்டில் கிடந்தார்.

அன்று இரவே பெறாமகன் எடுத்தான். “சின்னம்மா, இங்க எங்கட ஆக்களில ஒரு ஐயாவுக்கு ஆஸ்பத்திரியால இந்த மெசின் குடுத்தவை. இப்ப அவர் ஆஸ்பத்திரிக்குப் போறதே குறைஞ்சிட்டுது. அப்பாக்கும் இண்டைக்கே பூட்டி விடுங்கோ.”

நான் 31 வருடம் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கொரோனாக் காலத்தில் இதே வகை மெசின்களை வாட்டில் இரவு பகலாகப் பார்த்திருக்கிறேன். அதனால்தான், “இண்டைக்குப் பூட்ட ஏலாது தம்பி” என்றேன். அக்காவுக்குக் கோபம். பிள்ளை கஷ்டப்பட்டு உழைத்து அனுப்பியதை நான் தடுக்கிறேன் என்று இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பெட்டி மூன்று கிழமை விறாந்தையிலேயே இருந்தது.

அந்த மூன்று கிழமையில் நடந்தவற்றையும் அதற்குப் பிறகு நாங்கள் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதற்கிடையில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மூன்று குடும்பங்கள் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டன. எல்லோருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. நான் வைத்தியர் அல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மெசினைப் பூட்டவோ கழற்றவோ வேண்டாம். வைத்தியரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

அத்தானின் நெஞ்சு

அத்தான் 16 வயதில் சுருட்டுக் கொட்டிலுக்கு வேலைக்குப் போனவர். புகையிலைத் தூளுக்குள் இருந்து சுருட்டுச் சுற்றினார்; பிறகு தானும் பற்றத் தொடங்கினார். 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போய், அங்கே காசநோய் வந்து முழுதாக மருந்து எடுத்துச் சுகமானவர். 2009இல் மெனிக் பாம். கூடாரத்துக்குள் பச்சை விறகு எரித்த நாட்களைப் பற்றி அக்கா இன்றைக்கும் சொல்லுவாள், “கண் எரியும், இருமல் வரும், ஆனால் சோறு வேகவேணுமே” என்று.

எங்கள் பக்கத்து நுரையீரல்களில் பல இப்படித்தான் பழுதாகின. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்குப் புகை, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை, அடுப்படிப் புகை. ஒருநாளும் சுருட்டைத் தொடாத அம்மாமாருக்கும் நாட்பட்ட சுவாசத் தடை நோய் வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் விறகடுப்புத்தான். வைத்தியர்கள் கிளினிக் கொப்பியில் சி.ஓ.பி.டி. என்று எழுதுவது இந்த நோயைத்தான். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, சளி தேங்கி, காற்றுப்பைகள் தொய்ந்து போகின்றன. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. அதனால் அடுத்த மூச்சுக்கு இடம் போதாது. ஒட்சிசன் குறைவது ஒரு பிரச்சினை. பழைய காற்றோடு காபனீரொட்சைட்டும் தேங்குவது இன்னொரு பிரச்சினை. இரண்டாவதைப் பற்றி வீட்டுக்காரருக்கு யாரும் சொல்வதில்லை. விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் அதைக் காட்டாது.

இது ஒட்சிசன் மெசின் அல்ல

முதலில் பெறாமகனுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது இதைத்தான். ஹை புளோ மெசின் ஒட்சிசன் தயாரிப்பதில்லை. உள்ளே ஒரு காற்றாடி இருக்கிறது. அது அறைக் காற்றை இழுக்கிறது. கிண்ணத்தில் இருக்கும் சூடான தண்ணீருக்கு மேலாக அந்தக் காற்று போகும்போது வெப்பமும் ஈரமும் ஏறுகின்றன. குழாயின் சுவருக்குள் ஒரு சூட்டுக் கம்பி ஓடுவதால் மூக்குக்கு வந்து சேரும்வரை அந்தச் சூடு குறைவதில்லை. ஒட்சிசன் வேண்டுமென்றால், கொன்சன்ரேற்றரில் இருந்து வரும் சின்னக் குழாயை மெசினின் பக்கத்துத் துளையில் தனியாகப் பொருத்த வேண்டும்.

சாதாரண ஒட்சிசன் குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 4 லீற்றர் வரை வாயு வரும். அது குளிர்ந்தது, உலர்ந்தது. ஆனால் ஒரு மனிதன் மூச்சை உள்ளிழுக்கும் வேகம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 30 லீற்றர் அளவுக்குப் போகும். முட்டு வந்தவருக்கு அதைவிடக் கூட. அதனால் 2 லீற்றர் ஒட்சிசன் பெருமளவு அறைக் காற்றோடு கலந்துதான் உள்ளே போகிறது. ஹை புளோவில் நிமிடத்துக்கு 20 முதல் 30, சிலருக்கு 40 லீற்றர் வரை காற்று வருவதால், அவர் இழுக்கும் வேகத்துக்கு ஓரளவு ஈடு கொடுக்கிறது.

இதனால் மூன்று நன்மைகள் உண்டு. அதில் முதலாவதை விளங்கிக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். நாங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் ஏறக்குறைய அரை லீற்றர். அதில் 150 மில்லிலீற்றர் அளவு மூக்கு, தொண்டை, பெரிய குழாய்களிலேயே நின்றுவிடுகிறது, காற்றுப்பையைச் சென்றடைவதில்லை. மூச்சை விட்டு முடித்ததும் அந்த இடத்தில் நிற்பது காபனீரொட்சைட்டு நிறைந்த பழைய காற்று. அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போவதும் அதுதான். சுகதேகிக்கு இது பெரிய விடயம் அல்ல. ஆனால் 300 மில்லிலீற்றர் மட்டுமே இழுக்கக்கூடிய ஒருவருக்கு, மூச்சில் பாதி பழைய காற்று. ஹை புளோ மூக்கையும் தொண்டையையும் இடைவிடாமல் புதுக் காற்றால் கழுவிக்கொண்டே இருக்கிறது. அதே உழைப்புக்குக் கூடுதலான நல்ல காற்று கிடைப்பதால் மூச்சு எண்ணிக்கை குறைகிறது. ஆளுக்கு ஆறுதல் வருகிறது.

இரண்டாவது ஈரம். 37 பாகை செல்சியஸில் ஈரம் நிறைந்த காற்றின் ஒவ்வொரு லீற்றரிலும் 44 மில்லிகிராம் நீர் இருக்கும். நுரையீரல் பழகியிருப்பது அதற்குத்தான். உலர்ந்த வாயு போனால் சளி இறுகும். சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் சோர்ந்துபோகும். ஈரக்காற்றில் சளி இளகி வெளியே வரும். நாங்கள் ஆவி பிடித்து வளர்ந்தவர்கள். இதை நம்புவது கஷ்டமில்லை. மூன்றாவது, வாயை மூடியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் உண்டாகும் ஒரு மெல்லிய அழுத்தம். அது சிறியதுதான், பைபாப் மெசின் கொடுப்பதைவிட மிகக் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒட்சிசனை 2 லீற்றரில் வைத்துக்கொண்டு மெசினின் காற்றை மட்டும் கூட்டினால் ஒட்சிசன் கூடாது, குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 20 லீற்றர் காற்றோட்டத்தில் 2 லீற்றர் ஒட்சிசன் கலந்தால் குழாயில் வருவது ஏறக்குறைய 28 வீத ஒட்சிசன். அதே 2 லீற்றரோடு மொத்தக் காற்றோட்டத்தை 30 ஆக்கினால் 26 வீதம். சாதாரண காற்றிலேயே 21 வீதம் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. ‘மெசினைக் கூட்டினால் நல்லது’ என்று வீட்டில் இருப்பவர்கள் திருகுவது இதனால்தான் ஆபத்து.

ஆய்வுகள் சொன்னதும் சொல்லாததும்

டென்மார்க்கில் இருக்கும் அந்த ஐயாவுக்கு இந்த மெசின் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் இதைப் பாவிப்பது பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று அந்த நாட்டின் வடபகுதியிலுள்ள ஆல்போர்க் நகரில் நடந்தது. ஏற்கெனவே வீட்டில் ஒட்சிசனில் இருந்த 200 சி.ஓ.பி.டி. நோயாளிகளில் பாதிப்பேருக்கு ஹை புளோவையும் சேர்த்துக் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 20 லீற்றர், பெரும்பாலும் இரவில். சராசரியாக நாளுக்கு 6 மணித்தியாலம் பாவித்தார்கள். ஒட்சிசன் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திடீரென முற்றுவது வருடத்துக்கு 4.95 முறை, மெசினும் பாவித்தவர்களுக்கு 3.12 முறை. 2018இல் இந்த முடிவு வெளியானது. ஆனால் இறப்பு எண்ணிக்கையில் இரு பகுதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதையும் பெறாமகனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அதற்கு முன்பே, 2010இல், நியூசிலாந்தின் ஒக்லாண்டில் 108 பேரிடம் ஒரு ஆய்வு வெளியாகியிருந்தது. எங்களுக்கு அது கூடுதல் பொருத்தம். ஏனென்றால் அதில் சி.ஓ.பி.டி. நோயாளிகளோடு மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். காசநோய் ஆறிய பிறகு குழாய்கள் தொய்ந்து விரிந்து, காலையில் கோப்பை கோப்பையாகச் சளி துப்புகிறவர்களை எங்கள் கிளினிக்குகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நோய் அதுதான். அங்கே நாளுக்குச் சராசரியாக 1.6 மணித்தியாலம் மட்டுமே பாவித்தும், நோய் முற்றிய நிலையில் கழிந்த நாட்கள் வருடத்துக்கு 33.5க்குப் பதில் 18.2 ஆக இருந்தன.

ஜப்பானில் 2022இல் வெளியான ஆய்வு இன்னும் குறிப்பானது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடிய நிலையில் வீட்டில் ஒட்சிசன் எடுக்கும் 104 பேரைச் சேர்த்தார்கள். ஒரு வருடத்தில் நோய் முற்றியது, மெசின் பாவித்தவர்களுக்குச் சராசரியாக 1 முறை. ஒட்சிசன் மட்டும் எடுத்தவர்களுக்கு 2.5 முறை. அதே வருடம் அந்த நாட்டின் மருத்துவக் காப்புறுதி இதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது: ஏற்கெனவே ஒட்சிசன் தேவைப்படுகிற, அடிக்கடி வாட்டுக்குப் போகிற, சளி கூடிய, காபனீரொட்சைட்டு தேங்குகிற ஆட்களுக்கு இந்த மெசின் சில வாட்டு நாட்களைக் குறைத்துத் தரலாம். ஆயுளைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. நோயைச் சுகப்படுத்தாது. எப்போதாவது முட்டு வருகிற ஆஸ்துமாக்காரருக்கு இதை வாங்குவது காசுக்குக் கேடு.

காபனீரொட்சைட்டு அதிகமாக ஏறி, தொடர்ந்து அப்படியே நிற்கிறவர்களுக்கு முகமூடியோடு வரும் பைபாப் மெசினைத்தான் வைத்தியர்கள் முதலில் யோசிப்பார்கள். பிரித்தானியாவில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், வீட்டில் ஒட்சிசனோடு அதைச் சேர்த்துக் கொடுத்தபோது திரும்ப வைத்தியசாலைக்கு வருவதோ இறப்பதோ 1.4 மாதத்திலிருந்து 4.3 மாதத்துக்குத் தள்ளிப்போனது. முகமூடி இறுக்குகிறது, தாங்க முடியவில்லை என்று கழற்றி எறிகிறவர்களுக்கு ஹை புளோ ஒரு மாற்று வழி. ஆனால் அந்த முடிவை எடுப்பது வைத்தியரின் வேலை.

என்னிடம் கேட்ட மூன்று குடும்பங்களில் ஒன்று, முள்ளிவாய்க்காலில் நெஞ்சில் செல் துண்டு பட்டு நுரையீரலில் ஒரு பகுதி எடுக்கப்பட்ட ஒரு பெண்ணுடையது. அண்ணன் கனடாவில் இருந்து மெசினுக்குக் காசு சேர்த்து வைத்திருந்தார். மேலே சொன்ன எந்த ஆய்விலும் அவளைப் போன்றவர்கள் இல்லை. அவளுடைய கரைச்சல் குழாய் சுருங்குவதல்ல, நுரையீரல் குறைந்து விலா எலும்பு விரியாமல் இருப்பது. இரண்டும் வேறு. ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனையும் மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்டும்தான் அவளுக்கு முதல் தேவை என்று சொன்னேன். அந்த அண்ணனுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். ஏதாவது ஒரு பொருளை வாங்கி அனுப்ப முடிந்தால் தூரத்தில் இருப்பவர்களுக்கு மனம் கொஞ்சம் ஆறுகிறது. எனக்கு அது விளங்குகிறது.

மஞ்சள் லைற்

பெட்டி விறாந்தையில் இருந்தபோது அத்தானைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சுவாச நோய் வைத்தியர் முதலில் கேட்டது நாடி இரத்தப் பரிசோதனை. மணிக்கட்டில் துடிக்கும் நாடியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்து, ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் எவ்வளவு என்று நேரடியாகப் பார்ப்பார்கள். கொஞ்சம் நோகும். ஆனால் அது இல்லாமல் இந்த மெசினைப் பற்றிக் கதைப்பதில் அர்த்தம் இல்லை. அத்தானுக்குக் காபனீரொட்சைட்டு 52. வழமையாக 35க்கும் 45க்கும் இடையில் இருக்க வேண்டும்.

பிறகுதான் ஒரு புதினம். வீட்டில் 2 லீற்றர் ஒட்சிசனில் இருக்கும்போது அத்தானின் விரலில் 84 காட்டுவது வழமை. கிளினிக்கில் அதே 2 லீற்றரில் 90. வைத்தியர் இரண்டு இலக்கத்தையும் பார்த்துவிட்டு, “வீட்டில இருக்கிற மெசினை ஒருக்கால் சோதியுங்கோ” என்றார்.

அந்தக் கொன்சன்ரேற்றர் கொரோனாக் காலத்தில் அவசரத்தில் வாங்கியது. எங்கே வாங்கினோம் என்பது இங்கே தேவையில்லை. பில்லும் இல்லை, பழுது பார்க்க வரும் ஆளும் இல்லை. இந்த மெசின்கள் உள்ளே இருக்கும் சியோலைற் மணிகளால் காற்றின் நைதரசனைப் பிடித்துக்கொண்டு ஒட்சிசனை விடுகின்றன. நல்ல நிலையில் 90 வீதத்துக்கு மேல் சுத்தமான ஒட்சிசன் வர வேண்டும். ஈரமும் தூசும் ஏறினால் மணிகள் பழுதாகும். காற்று வழமை போல உஸ் என்று வரும், மூக்கில் குளிரும், ஆனால் அதில் ஒட்சிசன் இராது. ஒரு தொழில்நுட்பவியலாளர் அளவுகருவியோடு வந்து பார்த்தபோது 61 வீதம். மெசினில் ஒரு மஞ்சள் லைற் மாதக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. அது ஒட்சிசன் குறைவு என்பதற்கான எச்சரிக்கை. “கரண்ட் இருக்கெண்டு காட்டுற லைற் எண்டெல்லோ நினைச்சன்” என்றாள் அக்கா. பின்பக்கத்து வடியைக் கழற்றினால் கோழி இறகும் தூசும். 31 வருடம் வாட்டில் இருந்த நான் அந்த வீட்டுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போய் வந்தவள். நானும் கவனிக்கவில்லை.

ஆக, புது மெசினை வாங்கி அனுப்பத் தேவைப்பட்டதாக நாங்கள் நினைத்த கஷ்டத்தில் ஒரு பங்கு பழைய மெசினின் பழுது. வேறு கொன்சன்ரேற்றர் எடுத்த முதல் கிழமையே அத்தான் கிணற்றடிக்குப் போகும்போது ஒரு இடத்தில் மட்டும் நின்றார்.

வீட்டு ஒட்சிசன் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று 1980, 1981இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வெளியான ஆய்வுகள் காட்டின. ஹை புளோவுக்கு இல்லாத சான்று அது. முட்டு வரும்போது மட்டும் அரை மணித்தியாலம் போட்டுவிட்டு கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்துகிற வீடுகள் எத்தனையோ. இன்னொரு பக்கம், 100 காட்டும்வரை கூட்டி வைக்கிறவர்களும் உண்டு. சி.ஓ.பி.டி. நோயாளிக்கு வைத்தியர்கள் பொதுவாகக் குறிவைப்பது 88 முதல் 92 வரைதான். அதற்கு மேலே தள்ளினால் சிலருக்குக் காபனீரொட்சைட்டு ஏறும். காலையில் தலையிடி, பகலில் தூங்கி விழுதல், கதையில் தடுமாற்றம், கை நடுக்கம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒட்சிசனைக் கூட்டிவிட்டுப் படுக்க விடக் கூடாது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர், எங்கள் கரண்ட்

ஒட்சிசன் சரியான பிறகுதான் வைத்தியர் டென்மார்க் மெசினுக்குச் சம்மதித்தார். அதுவும் வாட்டில் இரண்டு இரவு வைத்து, 20 லீற்றரில் தொடங்கி, மறுபடியும் நாடி இரத்தம் பார்த்த பிறகு. பெறாமகன் வாங்கியது ஒருவர் பாவித்த மெசின் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேறொருவரின் சளிக்கிருமி போன பாதை அது. குழாய், கிண்ணம், மூக்குமுனை, வடி எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிது போடச் சொன்னார்கள். மெசினின் உள்வழியைக் கிருமி நீக்கிய பிறகே தொடவிட்டார்கள்.

தண்ணீர்தான் பெரிய தலையிடி. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே படிவு மெசின் கிண்ணத்திலும் பிடிக்கும். கொதிக்க வைத்து ஆறவிட்டால் கிருமி சாகும், உப்பு முழுதாகப் போகாது. மருந்தகத்தில் கிடைக்கும் கிருமி நீக்கிய வடிநீர்தான் வேண்டும். கார் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் மலிவு என்று அதை வாங்க வேண்டாம். மூச்சுக்குள் போவதற்காகச் செய்யப்பட்டதல்ல அது. சேலைனும் விடக் கூடாது. நாளாந்தம் மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிது விட வேண்டும். 20 லீற்றரில் எட்டு மணித்தியாலம் ஓடினால் குளிர்நாட்டு உலர்ந்த வீட்டில் 350 மில்லிலீற்றர் அளவு முடியும். எங்கள் காற்று ஏற்கெனவே ஈரமானது என்பதால் இங்கே அதைவிடக் குறைவு. அக்கா ஒரு நாள், “ரெண்டு துளி யூக்கலிப்ரஸ் எண்ணெய் விட்டா நெஞ்சு இன்னும் திறக்கும் பிள்ளை” என்று போத்தலோடு வந்தாள். எண்ணெய், பாம், மூலிகை எதுவும் அந்தக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது.

சூடும் ஒரு பிரச்சினை. 37 பாகையில் வரும் காற்று டென்மார்க் குளிரில் இதமாக இருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் படுத்திருப்பவருக்கு அது வேதனை. அத்தான் முதல் இரவு சொன்னது, “உதை நிப்பாட்டு பிள்ளை, உலைப்பானைக்கு மேல மூஞ்சியை வைச்ச மாதிரிக் கிடக்கு.” பல மெசின்களில் 34, 31 பாகைக்கும் குறைக்கலாம், வைத்தியரிடம் கேட்டு 34க்கு மாற்றினோம். மின்விசிறி நேராகக் குழாயில் அடித்தால் உள்ளே ஈரம் குளிர்ந்து தண்ணீராக நிற்கும். கொழகொழ என்று சத்தம் கேட்கும், சில நேரம் மூக்குக்குள் தெறிக்கும். மெசினைத் தலைமாட்டை விடப் பதிவான ஸ்ரூலில் வைத்தால் அந்தத் தண்ணீர் கிண்ணத்துக்கே திரும்பி வடியும். மூக்குமுனை துவாரத்தை அடைக்கக் கூடாது, பாதி அளவு இடம் விட்டிருக்க வேண்டும்.

பிறகு கரண்ட். கொன்சன்ரேற்றர் 350 வாற்று அளவு இழுக்கும். நாளுக்கு 16 மணித்தியாலம் என்றால் மாதம் 170 யுனிற் வரை அதற்கு மட்டும் போகும். ஹை புளோ மெசின் சூடாக்குவதால் இன்னொரு 200 வாற்று வரை. கணினிக்கு வைக்கும் சின்ன யு.பி.எஸ். இதைத் தாங்காது. பல வீட்டு மெசின்களில் உள்ளே பற்றரி இல்லை. கரண்ட் நின்றால் மெசினும் நிற்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலம் மறக்கவில்லைத்தானே. அதனால் ஒரு சிலிண்டர், அதற்குரிய மீற்றர், சாதாரண மூக்குக் குழாய் ஆகிய மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 1,360 லீற்றர் அடங்கும் சிலிண்டர் 2 லீற்றரில் 11 மணித்தியாலம் வரும். அவசரத்தில் ஹை புளோ போனாலும் பெரும்பாலானவர்கள் சாதாரணக் குழாயில் சமாளிப்பார்கள். ஒட்சிசன் நிற்பதுதான் ஆபத்து. கரண்ட் நின்றதும் பழக்கத்தில் குப்பி விளக்கையோ மெழுகுதிரியையோ கொளுத்திக்கொண்டு அந்த அறைக்குள் போய்விடாதீர்கள். ஒட்சிசன் ஊறிய படுக்கையில் ஒரு பொறி போதும். ரோச் லைற் வையுங்கள். சாமி அறைக் கற்பூரமும் சாம்பிராணியும் தள்ளியே இருக்கட்டும். சுருட்டு வேண்டவே வேண்டாம்.

செலவும் மெசினோடு முடிவதில்லை. மூக்குமுனை ஏறக்குறைய மாதம் ஒன்று, குழாயும் கிண்ணமும் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், வடி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று மாற்ற வேண்டும். அந்தந்த மெசினுக்கு அந்தந்த நிறுவனத்தின் குழாய்தான் பொருந்தும். அனுப்புகிறவர்கள் மெசினின் விலையை மட்டும் பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு இவற்றை அனுப்ப முடியுமா, இலங்கையில் அதே வகை கிடைக்குமா, கெட்டுப்போனால் யார் திறந்து பார்ப்பார் என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்தக் காசில் ஒரு நல்ல கொன்சன்ரேற்றரும் சிலிண்டரும் அடுப்படிக்குப் புகைபோக்கியும் வந்துவிடும் என்றால், பலருக்கு அதுவே முதல் தேவை. பம் அடிக்கும் முறையையும் கிளினிக்கில் ஒருக்கால் அடித்துக் காட்டிச் சரிபாருங்கள். வாயில் அடித்து வாயிலேயே விழுங்குகிறவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்துவிட்டேன்.

அத்தான் இப்போது இரவு ஒன்பது மணிக்கு மெசினைப் பூட்டுகிறார். முதல் இரண்டு கிழமை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை. இப்போது ஐந்து, ஆறு மணித்தியாலம் வைக்கிறார். காலையில் சளி இலேசாக வருகிறது என்கிறார். ஒன்பது மாதத்தில் ஒரு தரம் மட்டும் வாட்டுக்குப் போனார். இது டென்மார்க் மெசினாலா, புதுக் கொன்சன்ரேற்றராலா, அக்கா விறகடுப்பை வீட்டுக்கு வெளியே கொட்டிலுக்கு மாற்றியதாலா என்று பெறாமகன் கேட்கிறான். மூன்றையும் ஒன்றாகச் செய்த வீட்டில் அதைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

விடிய நாலரைக்கு அவரே கழற்றிவிட்டுச் சாதாரணக் குழாயை மாட்டிக்கொண்டு தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார். போன கிழமை பெறாமகன் எடுத்து, அக்காவுக்கும் இருமல் இருக்கிறதுதானே, இன்னொரு மெசின் அனுப்பட்டுமா என்று கேட்டான். அக்காவுக்கு ஊதும் பரிசோதனைக்கு அடுத்த மாதம் 12ஆம் திகதி கிளினிக்கில் நாள் எடுத்திருக்கிறோம், அதுவரை பொறு என்றேன். இப்போதைக்கு மூக்குமுனை ஆறு, குழாய் மூன்று, வடி இரண்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.